மூன்று சொத்தைப் பற்கள், இரண்டு கருவிகள்: லேசர் பல்லடைப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண். சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை. கீழ் வலப்பக்கம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது, மேல் இடப்பக்கம் பழைய அடைப்பின் ஓரத்தில் சாப்பாட்டுத் துணுக்கு சிக்குகிறது என்று வந்தார். கூச்சம் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, "ஊசிகூடப் பரவாயில்லை டாக்டர், அந்த விர்ருங்கிற சத்தமும் மண்டைக்குள்ள அதிர்றதும்தான் என்னால தாங்க முடியாது" என்றார். சிறு வயதில் பல் சரியாக மரத்துப்போவதற்கு முன்பே ட்ரில் வைத்த அனுபவம் அவருக்கு உண்டு. ட்ரில்லே இல்லாமல் மூன்று சொத்தையையும் லேசரால் முடித்துத் தர முடியுமா என்பது அவர் கேள்வி.

மூன்றையும் முடியாது, இரண்டை முடியும். இந்தக் கேஸை விரிவாக எழுதக் காரணமும் அதுதான். ஒரே ஆள், ஒரே அச்சம், ஒரே வாய். அதில் லேசரும் ட்ரில்லும் அடுத்தடுத்து வேலை செய்தன. வலியையும் பயத்தையும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லி, இரண்டையும் குறித்து வைத்தோம். அந்த எண்களில் வந்த வித்தியாசம், லேசரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவதிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது.

பரிசோதனையில் தெரிந்தவை

கீழ் வலது முதல் கடைவாய்ப் பல்லின் கடிக்கும் பரப்பில் குழிகள் பழுப்பேறி இருந்தன. மேலே ஓட்டை சிறிதுதான், ஆனால் எனாமலுக்கு (பல்லின் கெட்டியான வெளி அடுக்கு) கீழே சாம்பல் நிற நிழல் தெரிந்தது. எக்ஸ்ரேயில் சொத்தை, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கின் நடுப்பகுதி வரை போயிருந்தது. பல்கூழுக்கும் (எல்லோரும் 'நரம்பு' என்று சொல்வது) சொத்தைக்கும் இடையே நல்ல டென்டின் போதுமான அளவு மிச்சமிருந்தது. குளிர் வைத்துப் பார்த்ததில் சுள்ளென்று கூசி, எடுத்ததும் உடனே நின்றுவிட்டது. தட்டினால் வலியில்லை. அதாவது பல்கூழ் உயிரோடும் மீளக்கூடிய நிலையிலும் இருக்கிறது, வேர் சிகிச்சை தேவையில்லை.

அதே பக்கத்து முதல் முன்கடைவாய்ப் பல்லில், கன்னத்தைப் பார்த்த பக்கம், ஈறை ஒட்டி மெத்தென்ற சொத்தை. ஆழம் குறைவு. ஈறு லேசாக வீங்கிச் சொத்தையின் கீழ் ஓரத்தை மூடியிருந்தது.

மேல் இடது முதல் கடைவாய்ப் பல்லில் பெரிய வெள்ளி அடைப்பு, அதாவது பாதரசம் கலந்த உலோகமான அமால்கம். ஓரம் உடைந்து, அடியில் மறுபடியும் சொத்தை விழுந்திருந்தது.

எந்தப் பல்லுக்கு எது

இந்த முடிவை எடுக்க லேசர் பல்லை எப்படிக் குடைகிறது என்று தெரிந்தால் போதும். நாங்கள் பயன்படுத்தியது எர்பியம்-யாக் லேசர். அதன் ஒளி 2,940 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவதும் ஏறக்குறைய இந்த அலைநீளத்தைத்தான். சுத்தமான தண்ணீரில் ஒரு மைக்ரோமீட்டர் போவதற்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். பல்லுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாது, மிச்சத்தில்தான் தண்ணீரும் கொஞ்சம் கரிமப் பொருளும். டென்டினில் தாது சுமார் 70 சதவீதம், தண்ணீர் சுமார் 10. சொத்தை பிடித்த டென்டினில் தண்ணீர் இன்னும் கூடுதல். ஒரு லேசர் துடிப்பு நீடிப்பது ஒரு நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் இந்தத் தண்ணீர் ஆவியாகி, விரிய இடமில்லாமல், சுற்றியிருக்கும் தாதுவைத் துகளாகப் பெயர்த்துக்கொண்டு வெளியே பாய்கிறது. வெப்பத்தில் பெரும்பகுதியும் அந்தத் துகள்களோடே போய்விடுகிறது. பல்லை உருக்கியோ எரித்தோ எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உருகினால், கருகினால் அது தப்பாகச் செய்த லேசர்.

தண்ணீர் அதிகமுள்ள இடத்தில் வேலை சுலபம் என்பதால், சொத்தைப் பகுதி குறைந்த ஆற்றலிலேயே கழன்றுவிடும், பக்கத்து நல்ல எனாமல் அப்படியே நிற்கும். முதல் இரண்டு பற்களுக்கும் இது சாதகம். மூன்றாவது பல்லில் இருப்பது உலோகம். அமால்கத்தின் மேல் லேசர் பட்டால் ஒரு பகுதி திருப்பியடிக்கும், மறுபகுதி சூடாக்கிப் பாதரச ஆவியைக் கிளப்பும். அது செய்யக்கூடாத காரியம். எனவே அந்தப் பல்லுக்கு ட்ரில், அதுவும் ஊசி போட்டு.

லேசர் என்றால் எல்லாம் ஒன்று என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. முதல் லேசரை 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். அது ரூபி லேசர். 1964-இல் ஸ்டெர்ன், சோக்னெஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதை எனாமலில் அடித்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு தோல் மருத்துவரான லியோன் கோல்ட்மன் உயிருள்ள மனிதப் பல்லில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். அந்தப் பல் அவருடைய தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்த ஒருவருடையது, அந்த உடன்பிறந்தவர் பல் மருத்துவர். வலிக்கவில்லை என்றார் அவர். ஆனால் ரூபியின் சிவப்பு ஒளி பல்லுக்குள் ஊடுருவிப் போகிறது. எனாமலைக் குடையும் அளவுக்கு ஆற்றலைக் கூட்டினால் உள்ளே பல்கூழ் வெந்துவிடும். அதே 1965-இல் சாக், கோஹன் இருவரும் குரங்குகளில் செய்த சோதனை இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்லும் எல்லைக்கோடு: பல்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறியபோது, சுமார் 15 சதவீதப் பற்களில் பல்கூழ் மீளவில்லை. இந்த எல்லைக்குள் நின்றுகொண்டு பல்லைக் குடையலாம் என்பதை 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹிப்ஸ்ட், கெல்லர் இருவரும் எர்பியம்-யாக் வைத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997-இல் சொத்தை எடுக்க அதை அனுமதித்தது. ஈறு வெட்டவும் வேறு வேலைகளுக்கும் பல கிளினிக்குகளில் இருக்கும் டயோடு லேசரால் பல்லைக் குடைய முடியாது. "எங்களிடம் லேசர் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், என்ன லேசர் என்று கேட்பது நல்லது.

சிகிச்சை: கடைவாய்ப் பல்

லேசர் பற்களை முதல் அமர்வில் முடித்துவிட்டு ட்ரில் பல்லை அடுத்ததற்குத் தள்ளினோம். பயந்தவருக்கு எளிதானது முதலில்.

இது நான்காம் வகுப்பு லேசர், அதாவது ஆபத்து மிகுந்த வகை. அறையில் இருந்த மூவரும், நோயாளி உட்பட, அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி போட்டுக்கொண்டோம். இந்த ஒளி கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்திலேயே (கார்னியா) உறிஞ்சப்பட்டு அதைச் சுட்டுவிடும். சாதாரணக் குளிர்கண்ணாடியை நம்பக்கூடாது. கதவைச் சாத்தி, வெளியே எச்சரிக்கைப் பலகை. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நடுவில் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது இந்த வேலையில் உண்மையான ஆபத்து.

ஊசி போடவில்லை. ஆனால் ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் விரிப்பு) மாட்டும் கிளாம்ப், மரக்காத ஈறில் நன்றாகவே கடிக்கும். லேசரில் வலிக்காது என்று சொல்லிவிட்டுக் கிளாம்ப்பால் வலிக்கவைத்தால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். எனவே ஈறில் மரக்கும் ஜெல் தடவிச் சில நிமிடம் விட்டு, அப்புறம் மாட்டினோம். வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் உடனே நிறுத்துவேன் என்பது ஒப்பந்தம்.

முதலில் குறைந்த ஆற்றலில், முனையைத் தள்ளிப் பிடித்து, பல்லின் கழுத்துப் பகுதியைச் சுற்றி ஓரிரு நிமிடம் லேசரை ஓட்டினோம். இது பல்லைக் கொஞ்சம் மந்தமாக்கும் என்று இத்துறையில் பலரும் செய்கிறார்கள். நரம்பு உண்மையிலேயே மந்தமாகிறதா, அல்லது 'ஒன்றும் ஆகவில்லையே' என்று நோயாளி பழகிக்கொள்வதால் வரும் நிம்மதியா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. என் சாய்வு இரண்டாவது பக்கம். அதனால் கெடுதல் இல்லை, செய்கிறேன்.

எனாமலைத் திறக்க 300 மில்லிஜூல், நொடிக்கு 15 துடிப்பு. டென்டினுக்குள் போனதும் 180. கடைசி அடுக்கில் 120 மில்லிஜூல், நொடிக்கு 10. இவை எங்கள் கருவிக்கும் முனைக்கும் ஒத்துவந்த எண்கள். வேறு கருவியில் அப்படியே எடுத்துப் போடக்கூடாது. முனை பல்லைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் போலத் தள்ளி நிற்கும். தண்ணீர்த் தெளிப்பு ஒரு கணமும் நிற்கக் கூடாது: நின்றால் டென்டின் கருகும், உள்ளே சூடு ஏறும். அதே நேரம் குழிக்குள் தண்ணீர் தேங்கவும் கூடாது, தேங்கினால் லேசரின் ஆற்றலை அந்தத் தண்ணீரே குடித்துவிடும், பல் அப்படியே இருக்கும். சக்‌ஷன் பிடிப்பவருக்கு இதில் பாதி வேலை. லேசர் வாங்கியும் 'சரியாக வெட்டவில்லை' என்று குறைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சக்‌ஷனைத்தான்.

சத்தம் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் சொடக்குப் போடுவதுபோல ஒரு பட் சத்தம். ட்ரில்லின் காற்று டர்பைன் நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் முறை சுற்றும்போது எழும் கீச்சு இல்லை, எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறும் அதிர்வும் இல்லை. முதல் சில நொடி அவர் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தது, அப்புறம் தளர்ந்தது.

லேசரில் கைக்குத் தெரியும் உணர்வு கிடையாது. ட்ரில்லோ ஸ்பூன் எக்ஸ்கவேட்டரோ (சொத்தையைக் கையால் சுரண்டும் கரண்டி வடிவக் கருவி) பிடித்திருந்தால் டென்டின் மெத்தென்று இருக்கிறதா, தோல்போல இழுக்கிறதா, கெட்டியாகிவிட்டதா என்று விரல் சொல்லிவிடும். தொடாமல் வேலை செய்யும் லேசரில் அது இல்லாததால், அடிக்கடி நிறுத்தி, கழுவி, எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கம்பியால் தொட்டுப் பார்த்துத்தான் போக வேண்டும். நேரம் இங்கேதான் கரைகிறது. பழகிய காதுக்குச் சத்தத்திலும் வித்தியாசம் தெரியும், எனாமலில் கூர்மையாகவும் சொத்தையில் மொத்தையாகவும் கேட்கும்; ஆனால் அதை நம்பி முடிவெடுப்பதில்லை.

டென்டினின் ஆழமான பகுதியில் கை தூக்கினார். நிறுத்தினோம். ஊசி போடட்டுமா என்றதற்கு, "வேண்டாம் டாக்டர், சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்" என்றார். ஆற்றலைக் குறைத்து, முனையை இன்னும் தள்ளிப் பிடித்துத் தொடர்ந்தேன். பல்கூழுக்கு நேர் மேலே இருந்த கடைசி மெல்லிய அடுக்கை லேசரால் தொடவில்லை, ஸ்பூனால் சுரண்டினேன். ஓரங்களில் கெட்டியான டென்டின் வரும்வரை சுத்தம், ஆழத்தில் மெத்தென்றது போனால் போதும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். லேசராக இருந்தாலும் ட்ரில்லாக இருந்தாலும் அந்த இடத்தில் பேராசை பல்கூழைத் திறந்துவிடும்.

அடைக்கும் முன், குறைந்த ஆற்றலில் மொத்தப் பரப்பிலும் ஒருமுறை ஓட்டி, எனாமல் ஓரத்தில் தளர்ந்து நின்ற துணுக்குகளைக் கையால் செதுக்கி எடுத்தேன். அப்புறம் எனாமலில் 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் (அடைப்பு ஒட்டப் பரப்பைக் கரடாக்க), கழுவல், பாண்டிங் பசை, அடுக்கடுக்காகக் காம்போசிட் என்ற ரெசின் அடைப்பு, அதைக் கெட்டியாக்க லைட். சொத்தை எடுக்க மட்டும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. ட்ரில்லில் ஐந்து நிமிட வேலை.

மற்ற இரண்டு

முன்கடைவாய்ப் பல் சீக்கிரம் முடிந்தது. மெத்தென்ற சொத்தை குறைந்த ஆற்றலிலேயே கழன்று வந்தது, கை தூக்கவே இல்லை. சொத்தையை மூடியிருந்த ஈறு விளிம்பையும் ஜெல் தடவி அதே லேசரால் லேசாக ஒதுக்கினேன். எர்பியம் ஈறையும் வெட்டும். ஆனால் ஒளி மேலோட்டமாகவே நின்றுவிடுவதால் ரத்தத்தை உறையவைக்கும் விஷயத்தில் டயோடு அளவுக்குக் கைகொடுக்காது. கொஞ்சம் கசிந்தது, அழுத்திப் பிடித்துக் காயவைத்து, ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளால் அடைத்தோம்.

மூன்றாவது பல் அடுத்த அமர்வில். முறையாக ஊசி போட்டு, முழுதாக மரத்ததைக் குளிர் வைத்து உறுதிசெய்த பிறகே ட்ரில்லை எடுத்தேன். ஹெட்ஃபோனில் அவர் விரும்பியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் டேம், பலமான சக்‌ஷன், நிறையத் தண்ணீர். அமால்கத்தைப் பொடியாக்காமல் துண்டுகளாக வெட்டி எடுத்தோம். அடியில் இருந்த சொத்தைக்கு, உலோகம் முழுதும் போன பிறகு, லேசரைக் கொண்டுவந்திருக்கலாம். பல் ஏற்கெனவே மரத்திருக்கிறது, ட்ரில் கையில் இருக்கிறது; குறைந்த வேகத்து ரவுண்ட் பர் (ட்ரில்லின் உருண்டை முனை) வைத்து இரண்டு நிமிடத்தில் முடியும் வேலையை நீட்டுவதில் அவருக்கு என்ன லாபம்? செய்யவில்லை.

எண்கள் சொன்னது

பூஜ்யம் முதல் பத்து வரை அவர் கொடுத்த மதிப்பெண்கள் இவை. கடைவாய்ப் பல்லில் லேசர்: வலி 3, பயம் 2. முன்கடைவாய்ப் பல்லில் லேசர்: வலி 1, பயம் 1. அமால்கம் பல்லில் ஊசியோடு ட்ரில்: வலி 0, பயம் 7.

வலியில் ஜெயித்தது ஊசி போட்ட ட்ரில். இதில் ஆச்சரியமில்லை, சரியாக மரத்த பல்லுக்கு எதுவும் தெரியாது. 'வலியில்லா லேசர்' என்ற விளம்பர வாசகத்தின் கோளாறு இதுதான்: ஊசி போடாத லேசரில் ஆழமான டென்டினில் சுருக்கென்றது தெரியத்தான் செய்யும், சிலருக்கு ஊசியே தேவைப்படும். ஆனால் இவரை இத்தனை மாதம் வரவிடாமல் தடுத்தது வலி அல்ல. சத்தமும் அதிர்வும். அந்த இரண்டுக்கும் ஊசியில் மருந்து இல்லை, லேசரில் இருந்தது. ஒரு நோயாளிக்கு லேசர் தேவையா என்று யோசிக்கும்போது, 'எதற்குப் பயப்படுகிறீர்கள்' என்று முதலில் கேட்பதற்கு இதுவே காரணம். ஊசிக்குப் பயந்தவருக்கு ஒரு கணக்கு, சத்தத்துக்குப் பயந்தவருக்கு வேறு கணக்கு, பிறகு வாயெல்லாம் மரத்துப் போய்க் கன்னத்தைக் கடித்துக்கொள்ளும் சின்னப் பிள்ளைக்கு இன்னொரு கணக்கு.

ஒரே நோயாளியின் மூன்று மதிப்பெண்ணை வைத்துப் பொதுவாக எதுவும் சொல்லிவிட முடியாது. முதல் இரண்டு நன்றாகப் போனதே மூன்றாவதன் பயத்தைக் குறைத்திருக்கும், பற்களும் வேறு வேறு. பெரிய படம் வேண்டுமென்றால் 2016-இல் வந்த காக்ரன் மதிப்பாய்வு (பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோடுவது) இருக்கிறது. ஒன்பது சோதனைகள், 662 பேர். சொத்தையை எடுப்பதில் லேசர் மேலா, ட்ரில் மேலா என்று சொல்லப் போதுமான சான்று கிடைக்கவில்லை. வலி குறைவு, ஊசியின் தேவை குறைவு என்பதில் லேசர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, அந்தச் சான்றின் தரமும் தாழ்வுதான் என்று அவர்களே எழுதினார்கள்.

ஒட்டும் தன்மை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆரம்ப நாட்களில் இதில்தான் அதிகம் மிகைப்படுத்தினார்கள். ட்ரில் வெட்டிய டென்டினில் மாவுபோல ஒரு படலம் படியும். லேசரில் அது இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் டென்டின் குழாய்கள் திறந்து, பரப்பு கரடுமுரடாக, ஒட்டுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். அதனால் ஆசிட்டே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தபோது பல சோதனைகளில் லேசர் டென்டினின் பிடிப்பு ட்ரில் டென்டினைவிடக் குறைவாகவே வந்தது. காரணம், பரப்புக்குச் சில மைக்ரோமீட்டர் கீழே கொலாஜன் என்ற புரத இழைகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, ரெசின் உள்ளே இறங்க வழி கிடைப்பதில்லை. கடைசியில் குறைந்த ஆற்றலில் ஓட்டுவதும், எனாமலில் ஆசிட்டைத் தவிர்க்காததும் இதனால்தான். லேசர் செய்துவிட்டு ஆசிட்டை விடுபவர் அடைப்பின் ஓரத்தைப் பணயம் வைக்கிறார்.

கருவியின் விலை, முனைகள் தேய்ந்து மாற்ற வேண்டியது, பழக எடுக்கும் காலம் எல்லாம் ட்ரில்லைவிடப் பல மடங்கு. கிரௌனுக்கு (பல்லின் மேல் மாட்டும் உறை) பல்லைச் சீவுவது போன்ற வேலைக்கு ட்ரில்தான். எனவே லேசர் வைத்திருக்கும் கிளினிக்கிலும் ட்ரில் இருந்தே தீரும்.

பின்தொடர்வு

ஒரு வாரத்தில் கீழ் வலப்பக்கக் கூச்சம் நின்றிருந்தது. மேல் பல்லில் கடிக்கும்போது அடைப்பு உயரமாகப் படுவதாகச் சொன்னார், தேய்த்துச் சரிசெய்தோம். ஆறு மாதத்தில் மூன்று பற்களும் குளிருக்கு இயல்பாகப் பதில் சொன்னன. ஓராண்டில் கடைவாய்ப் பல்லின் அடைப்பு ஓரம் சுத்தமாக இருந்தது, எக்ஸ்ரேயில் அடியில் புதிய நிழல் இல்லை. முன்கடைவாய்ப் பல்லின் மேல் ஓரத்தில் லேசான பழுப்புக் கறை. சொத்தை இல்லை, பாலிஷ் போட்டதும் போனது.

அதே எக்ஸ்ரேயில் கீழ் இடது கடைவாய்ப் பற்கள் இரண்டு ஒன்றையொன்று தொடும் இடத்தில், எனாமலின் வெளிப்பாதியோடு நிற்கும் ஒரு சிறிய நிழல் புதிதாகத் தெரிந்தது. இதையும் லேசரில் எடுத்துவிடலாமா என்று அவரே கேட்டார். குழி விழாத சொத்தையைக் குடைய வேண்டியதில்லை. ஃபுளோரைடு வார்னிஷ் தடவி, பற்களுக்கிடையே நூல் விட்டுச் சுத்தம் செய்யக் காட்டிக்கொடுத்து, அடுத்த எக்ஸ்ரேயில் நிழல் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் குறித்து வைத்திருக்கிறோம்.